அந்தமானுக்கு ஏழு இரவுகள்

தீவுகளுக்கு யாத்திரை போக விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தங்கும் விடுதியைத் தேடுகிறார்கள். அடுத்தபடியாகப் பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு ஜாபிதா தயாரிக்கிறார்கள். கடல் எந்த மாதத்தில் அமைதியாக இருக்கும், படகு எந்த நேரத்தில் புறப்படும், வெளிச்சம் எத்தனை மணி வரை நிற்கும் என்ற விசாரணைகளெல்லாம் அதற்குப் பிறகே வருகின்றன. ரயிலும் பஸ்ஸும் நினைத்தபோது கிடைக்கின்ற நிலப்பிரதேசங்களுக்கு இந்த முறையால் பாதகமில்லை. ஆனால் ஒரு துறைமுக நகரத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள தீவுகளுக்குப் போய்த் திரும்புவதென்றால், முதலில் கடலை விசாரித்து, மற்றவற்றையெல்லாம் அதற்கு இசைவாக அமைத்துக்கொள்வதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம். துறைமுக நகரத்தை வெறும் இறங்குதுறையாக எண்ணி, வந்த அன்றே தீவுகளுக்கு ஓடுகிற வழக்கமும் சரியல்ல என்றே நினைக்கிறேன். இந்த இரண்டு எண்ணங்களையும் போர்ட் பிளேயரை உதாரணமாகக் கொண்டு விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. வருகிற தை மாதத்தில் என் தமக்கையின் குடும்பத்தார் அந்தமான் போவதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். அக்கா, அத்தான், கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளிப் பையன், இவர்களோடு எழுபது வயதைக் கடந்த எங்கள் அம்மாவும் போகிறாள். "நீதான் போய் வந்தவனாச்சே, ஒரு வாரத்துக்கு என்னென்ன செய்யணும்னு எழுதிக் கொடுடா" என்று அக்கா கேட்டாள். அவளுக்காக எழுதத் தொடங்கிய குறிப்பு, காரணங்களையும் சேர்த்துச் சொல்லும் ஆவலால் நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் உபயோகப்படக்கூடும் என்பதால் இங்கே விரித்துத் தருகிறேன்.

முதலில் காலம். அந்தமானுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மே மாதத்தில் தொடங்கும் மழை பல மாதங்கள் நீடித்து, அதன் பிறகு வங்கக் கடலில் புயற்சின்னங்கள் உருவாகும் பருவமும் வந்து சேர்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே மழை ஓய்ந்து, கடல் தணிந்து, நீர் தெளிந்து, அடியிலிருக்கும் பவளப்பாறைகள் கண்ணுக்குத் துலங்கும் காலம். பள்ளி விடுமுறையை உத்தேசித்து மே மாதத்தில் போகலாம் என்று அத்தான் சொன்னபோது, இதைக் காட்டித்தான் அவரைத் தை மாதத்துக்கு இணங்கச் செய்தேன்.

காலத்தைப் போலவே முக்கியமானது வெளிச்சம். போர்ட் பிளேயர் சென்னைக்கு ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. ஆயினும் கடிகாரம் என்னவோ அங்கும் இந்திய நேரத்தையே காட்டுகிறது. ஆகையால் சூரியன் சென்னையைக் காட்டிலும் முக்கால் மணிக்கு மேல் முந்தி உதித்து, அதே அளவு முந்தி அஸ்தமிக்கிறான். பொங்கல் சமயத்தில் காலை ஐந்தே முக்காலுக்குள் விடிந்துவிடும். மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவான். ஒன்பது மணிக்குச் சாவகாசமாகப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் புறப்படும் குடும்பம், பகலில் சிறந்த பாகத்தை அறையிலேயே கழித்துவிட்டதாக அர்த்தம். ஐந்து மணிக்கு எழுந்து, ஆறு மணிக்கு வெளியே வந்து, மதிய வெயிலில் இளைப்பாறி, நான்கு மணிக்குள் அஸ்தமனம் பார்க்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வது என்ற ஒழுங்கை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டும்.

போகும் மார்க்கம் இரண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் பயணிகள் கப்பல் மூன்று நாள் அளவில் போய்ச் சேர்கிறது. மாதத்தில் சில தடவைகளே அது புறப்படும். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் மாநக்கவாரம், அதாவது இன்றைய நிக்கோபார், இதே கடலில்தான் இருக்கிறது. அந்தக் கடலை அங்குலம் அங்குலமாகக் கடந்து போவது, அவகாசம் உள்ளவர்களுக்குக் கிடைத்தற்கரிய அனுபவம். ஆனால் ஒரு வாரமே கையில் உள்ளவர்கள் ஆறு நாட்களைக் கப்பலுக்குக் கொடுத்துவிட இயலாது. விமானம் இரண்டேகால் மணியில் கொண்டு சேர்க்கிறது. ஆகவே விமானமே நிச்சயம் என்று வைத்துக்கொண்டு, காலையில் போய் இறங்கும் விமானத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அந்த ஊரில் மாலை என்பது மிகக் குறுகியது.

இனிப் பதிவு செய்யும் வரிசை. விமானத்துக்கு அடுத்தபடி விடுதியல்ல, படகு. போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு இருவகைக் கப்பல்கள் போகின்றன. ஒன்று, அரசாங்கத்தின் கப்பல் சேவை. பீனிக்ஸ் பே துறையிலிருந்து புறப்படும் இந்தக் கப்பல்கள் ஹேவ்லாக் போய்ச் சேர இரண்டரை மணி அளவு ஆகும். மற்றொன்று, மக்ரூஸ், நாட்டிகா போன்ற தனியார் நிறுவனங்களின் குளிரூட்டப்பட்ட விரைவுக் கப்பல்கள். இவை ஒன்றரை மணியில் போய்விடுகின்றன. அரசுக் கப்பலில் கட்டணம் குறைவு. மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கும் பாக்கியமும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக்கும், கல்லூரிக்கும், காய்கறி விற்கவும் போய்வருகிற தீவுவாசிகளுக்கு அதுவே பஸ் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வசதி படைத்தவர்கள் தனியார் கப்பலில் போய், அந்த இருக்கைகளை அவர்களுக்கு விட்டுக்கொடுப்பதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தக் கப்பலானாலும், கூட்டமான மாதங்களில் இருக்கைகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். கப்பலின் நாளும் நேரமும் உறுதியான பிறகே அந்தந்தத் தீவில் விடுதியை அமர்த்த வேண்டும்.

இவ்வளவையும் தீர்மானித்துக்கொண்டு, ஏழு இரவுகளைப் பங்கிட்டேன்: முதல் இரண்டு இரவுகள் போர்ட் பிளேயரில், அடுத்த இரண்டு ஹேவ்லாக்கில், ஐந்தாவது இரவு நீல் தீவில், கடைசி இரண்டு மீண்டும் போர்ட் பிளேயரில். எட்டாம் நாள் காலையில் விமானம். "ஏழில் நாலு ராத்திரி டவுனிலேயா? கடற்கரையெல்லாம் தீவுகளில்தானே இருக்கு?" என்று அக்காவின் மகள் ஆட்சேபித்தாள். அவளுக்குச் சொன்ன சமாதானமே இந்தக் கட்டுரையின் சாரம்.

முதல் நாள் பிற்பகலை வேறெதற்கும் கொடுக்காமல், செல்லுலார் சிறைக்குக் கொடுக்கும்படி எழுதியிருக்கிறேன். "அவ்வளவு தூரம் போயிட்டு, குழந்தைங்களுக்கு முதல்ல ஜெயிலையா காட்டணும்?" என்று அக்கா தயங்கினாள். முதலில்தான் காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய பிரிட்டிஷ் அரசாங்கம், கைதிகளைக் கடல் கடந்து கொண்டுபோய் வைப்பதற்காக 1858 மார்ச்சில் இங்கே ஒரு குடியேற்றத்தை நிறுவியது. காட்டை வெட்டியவர்களும், சாலை போட்டவர்களும், துறைகளைக் கட்டியவர்களும் அந்தக் கைதிகளே. பிற்பாடு 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது அந்தச் சிறைக் கட்டடம். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து ஏழு திசைகளில் நீண்ட, மூன்று அடுக்குகள் கொண்ட ஏழு கிளைகள். ஒரு கைதி மற்றொருவனுடைய முகத்தைக் காணவே கூடாது என்ற உத்தேசத்தோடு, ஒரு கிளையின் முன்புறம் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி அமைக்கப்பட்ட, ஏறத்தாழ எழுநூறு தனி அறைகள். தனிமையையே தண்டனைக் கருவியாக்கிய அந்தக் கட்டட சாஸ்திரத்தைப் புத்தகத்தில் படித்து அறிந்துகொள்ள முடியாது. ஓர் அறைக்குள் நின்று, உயரத்திலிருக்கும் சிறு காற்றுத் துவாரத்தை அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

தமிழர்களுக்கு அந்தச் சிறையில் விசேஷமாக நினைக்க ஒரு விஷயம் இருக்கிறது. 1908-இல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு விதித்தது தீவாந்தர தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டதால்தான் அவர் இந்தக் கடலைக் கைதியாகக் கடக்காமல், கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்தார். சுதேசிக் கப்பல் கம்பெனி நிறுவி, கடலைச் சுதந்திரத்துக்கு மார்க்கமாகக் கண்ட ஒருவருக்கு, அதே கடலைச் சிறைமதிலாக ஆக்க எண்ணினார்கள். கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கைப் பற்றி நாம் கேட்டிருக்கிறோம். அத்தகைய செக்கில் நாளொன்றுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தீரவேண்டும் என்பது அந்தமான் கைதிகளுக்கு விதிக்கப்பட்ட கணக்கு. 1933-இல் உண்ணாவிரதம் இருந்தபோது, வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டு மஹாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மைத்ரா என்ற மூவர் உயிர் நீத்தார்கள். ஏழு கிளைகளில் இன்று எஞ்சி நிற்பவை மூன்றே. 1979 பிப்ரவரியில் அது தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது. 1996-இல் வந்த 'சிறைச்சாலை' திரைப்படத்தின் வாயிலாகப் பலர் இக்கட்டடத்தை அறிந்திருப்பார்கள். நேரில் காண்பது வேறு. இருட்டிய பிறகு நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியையும் இருந்து பார்த்துவிட்டு வரவேண்டும். இதைப் பார்த்தபின் மறுநாள் பார்க்கும் கடல், வெறும் நீலப் பரப்பாக இராது. யாரெல்லாம் எந்த நிலையில் அதைக் கடந்து வந்தார்கள் என்ற அறிவோடு பார்க்கும் கடலாக இருக்கும். அதற்காகவே சிறை முதல் நாளில்.

இரண்டாம் நாள் காலையில் ராஸ் தீவு. 2018-இலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று வழங்குகிற இது, அபெர்தீன் துறையிலிருந்து சில நிமிடப் படகுப் பிரயாணத்தில் இருக்கிறது. கைதிகள் எதிர்க்கரையில் வதைபட, அதிகாரிகள் இங்கே மாதா கோயில், ரொட்டிக் கிடங்கு, டென்னிஸ் மைதானம், நடனசாலை எல்லாம் அமைத்துக்கொண்டு ஆட்சி செய்தார்கள். 1941 ஜூனில் ஒரு பெரும் பூகம்பம். 1942 மார்ச்சில் ஜப்பானியரின் வருகை. இரண்டுக்குமிடையில் அந்த ராஜ்யபோகம் முடிந்துபோயிற்று. இன்று அந்தச் செங்கல் சுவர்களை ஆலமர இனத்து வேர்கள் கட்டித் தழுவி, கூரையில்லாத கூடங்களில் புள்ளிமான்கள் மேய்கின்றன. அம்மாவுக்கு நடப்பது சிரமமாயின் பேட்டரி வண்டி கிடைக்கும். ராஸ் தீவுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்று முன்கூட்டியே விசாரித்து, அதற்கேற்ப முதல் இரண்டு நாட்களின் கிரமத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பிற்பகலில் சாத்தம் மரத்தொழிற்சாலை. சிறிய பாலம் ஒன்றால் நகரத்தோடு இணைந்த சாத்தம் தீவில் 1883-இல் தொடங்கப்பட்ட அந்த ஆலையில், படாக் என்னும் செம்மரம் பலகையாவதையும், இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்த பள்ளத்தையும் காணலாம். அதன் பிறகு மானிடவியல் அருங்காட்சியகம். தீவுகளின் ஆதிக் குடிகளைப் பற்றிப் பையன் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் அதுவே. வேறிடம் எதுவும் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மாலையில் அபெர்தீன் பஜாரில் நடக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு ஜனக் கணக்கின்படி, அந்தமான் நிக்கோபாரில் சுமார் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். கடைக்காரரும் ஆட்டோக்காரரும் நம் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே பதில் சொல்வது அங்கே சர்வ சாதாரணம். வங்காளிகள், தெலுங்கர்கள், 1921 மாப்பிள்ளைக் கலகத்துக்குப் பின் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார், பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள், கைதிகளின் வழித்தோன்றல்கள் என எல்லோரும் கலந்து வாழும் அந்த ஊரில், வந்தவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு பாராட்டாமல் ஒரு பொது வாழ்க்கை உருவாகியிருப்பதைக் காண்பது, எந்தக் கடற்கரையைக் காண்பதற்கும் குறைந்ததல்ல. வெற்றிமலை முருகன் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப் போகவும் எழுதியிருக்கிறேன். பங்குனி உத்திரத்தில் காவடிகள் அந்த நகரத்து வீதிகளை நிறைக்கும்.

மூன்றாம் நாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக். வடகிழக்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் தூரம். "கடல் பிரயாணம் எனக்குத் தாங்குமாடா?" என்று அம்மா கேட்டாள். தை மாதக் கடலில் பெரிய தொந்தரவு இராது. டாக்டரைக் கேட்டு, தலைசுற்றலுக்கான மாத்திரையைப் புறப்படுமுன்பே போட்டுக்கொண்டு, கப்பலின் நடுப்பாகத்தில் அமர்ந்து, பார்வையைத் தொடுவானத்தில் நிறுத்திக்கொண்டால் போதும் என்று தைரியம் சொன்னேன். தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் 1950-களில் குடியமர்த்தப்பட்ட தீவு அது. கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர், கிருஷ்ண நகர் என்று ஊர்ப்பெயர்களும், கடுகெண்ணெயில் மீன் சமைக்கும் வழக்கமும் அவர்களுடையவை. அன்று மாலை ராதாநகர் கடற்கரை. உயர்ந்த காடு கடலின் விளிம்பு வரை இறங்கி வந்து நிற்க, அதன் காலடியில் விரிந்து கிடக்கும் அந்த வெண்மணல் மேற்கு நோக்கியிருப்பதால், அஸ்தமனத்தை அங்கே முழுமையாகக் காணலாம். நான்கு மணிக்குள் போய்விட வேண்டும். இருட்டு சீக்கிரம் வரும்.

நான்காம் நாள் காலையில் எலிஃபண்ட் பீச். ஹேவ்லாக் துறையிலிருந்து படகிலும் போகலாம். காட்டுப் பாதையில் நடந்தும் போகலாம். பிள்ளைகள் முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து ஸ்னார்க்கெலிங் செய்ய, நீச்சல் தெரியாதவர்கள் கண்ணாடித் தளமுள்ள படகில் உட்கார்ந்து பவளப்பாறைகளைப் பார்க்கலாம். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்: பாறையின் மீது காலை வைக்கலாகாது. பவளம் கல் அல்ல, ஜீவன். மூளையின் வடிவிலுள்ள பவளம் ஆண்டொன்றுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கிறது. ஒரு முரட்டுக் காலடியில் பல வருஷத்து வளர்ச்சி நொறுங்கிவிடும். 2010-இல் கடல் அதிகமாகச் சூடேறியதால் அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போன துன்பத்திலிருந்து அவை மீள முயன்றுகொண்டிருக்கும்போது, நாம் வேறு தொல்லை கொடுப்பது தகாது. அன்றைய பிற்பகலுக்கு எந்த அலுவலும் எழுதவில்லை. சும்மா இருப்பதற்கும் ஒரு பிரயாணத்தில் இடம் வேண்டும்.

ஐந்தாம் நாள் நீல் தீவு; 2018-இலிருந்து ஷஹீத் தீவு. இந்தப் பெயர் மாற்றத்தில் சென்னைவாசிகளுக்கு ஒரு தனித் திருப்தி உண்டு. 1857-இல் கொடூரமாகப் பழிவாங்கிய சென்னைப் பட்டாளத்து அதிகாரி நீலின் பெயரையே அந்தத் தீவு தாங்கியிருந்தது. சென்னை மவுண்ட் ரோடிலிருந்த அவனுடைய சிலையை அகற்றக் கோரித் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் 1927-இல் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். பத்து வருஷங்கள் கழித்து, ராஜாஜி மந்திரிசபையின் காலத்தில் சிலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. தீவிலிருந்த பெயர் அகல மேலும் எண்பது வருஷங்கள் பிடித்தன. சீதாபூர், பரத்பூர், ராம்நகர், லக்ஷ்மண்பூர் என்று ராமாயணப் பெயர்கள் கொண்ட அந்தச் சிறு தீவு காய்கறித் தோட்டங்களுக்குப் பேர் போனது. சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். இங்கே ஓதத்தின் கணக்கைத் தெரிந்துகொள்வது அவசியம்: இயற்கைப் பாலம் என்று சொல்லப்படும் பவளக்கல் வளைவுக்குக் கடல் வற்றியிருக்கும் நேரத்தில்தான் நடந்து போக முடியும். விடுதிக்காரரிடமோ படகோட்டியிடமோ அன்றைய வற்றுநேரத்தை விசாரித்து, மற்றவற்றை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும். மாலையில் லக்ஷ்மண்பூரில் அஸ்தமனம். மறுநாள் சீதாபூரில் உதயம்.

ஆறாம் நாள் கப்பலில் போர்ட் பிளேயருக்குத் திரும்புதல். ஏழாம் நாள் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. இந்த வெறுமைதான் முழுத் திட்டத்தின் முதுகெலும்பு. 2016 டிசம்பரில் புயற்சின்னம் ஒன்று அந்தமானை நெருங்கியபோது கப்பல்கள் நிறுத்தப்பட்டு, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவற்படையும் போய் அவர்களை மீட்டு வந்தன. அத்தகைய புயல் தை மாதத்தில் அபூர்வம் என்றாலும், காற்று சற்றே பலத்தால் ஒருநாள் கப்பல் ஓடாமல் நிற்பது எந்த மாதத்திலும் நேரக்கூடியது. தீவிலிருந்து காலைக் கப்பலில் வந்து, அன்று பகலிலேயே விமானம் ஏறுவதாகத் திட்டமிடுகிறவர்கள், ஒரு காற்றினால் விமானக் கட்டணத்தையும் மன நிம்மதியையும் சேர்த்து இழக்கிறார்கள். கப்பல் தவறினால் ஏழாம் நாள் ரக்ஷிக்கும். தவறாவிட்டால் அது போனஸாகக் கிடைத்த நாள்.

அந்த நாளைக் கழிக்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்குப் போகலாம். 1983-இல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்த அத்தீவு ஆண்டில் பாதிக் காலமே திறந்திருக்கும். அனுமதிச் சீட்டு வேண்டும். பிளாஸ்டிக் பொருளை உள்ளே விடமாட்டார்கள். அல்லது, சாத்தத்தில் படகேறி பம்பூஃபிளாட்டுக்குப் போய், மவுண்ட் ஹாரியட் ஏறலாம். 1891 யுத்தத்தில் தோற்ற மணிப்பூர் வீரர்கள் நாடு கடத்தப்பட்டு வைக்கப்பட்ட இடமாதலால், 2021-இல் அதற்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயரிட்டார்கள். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னைகளுக்கிடையே தெரியும் கடற்காட்சி அந்த மலையிலிருந்து காணும் காட்சியே. ஒரு பழைய நோட்டைப் பையன் கையில் கொடுத்து அனுப்பினால் அவனே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். அந்த மலையின் அடிவாரத்தில்தான் 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி, வைஸ்ராய் மேயோ பிரபுவை ஷேர் அலி என்ற கைதி குத்திக் கொன்றான். அம்மாவை உத்தேசித்து நான் மலையையே சிபாரிசு செய்திருக்கிறேன்.

பயண ஏற்பாட்டாளர்கள் தருகிற ஜாபிதாக்களில் தவறாமல் இடம்பெறும் பாரடாங் இந்தத் திட்டத்தில் இல்லாததைப் பலரும் கவனிப்பார்கள். சுண்ணாம்புக் குகைகளும் சேற்று எரிமலையும் உள்ள அவ்விடத்துக்குப் போகும் சாலை, ஜாரவா மக்களின் வனத்தை ஊடுருவிச் செல்கிறது. சில நூறு பேர் மட்டுமே உள்ள அந்த ஜனங்கள், நெடுங்காலம் வெளியார் நெருங்காமல் தங்கள் காட்டில் வாழ்ந்தவர்கள். 1990-களின் இறுதியில் வெளியாரோடு பழகத் தொடங்கிய பிறகு, தட்டம்மை போன்ற நோய்கள் அவர்களைத் தாக்கின. அந்த வனப்பகுதியில் சாலையை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. ஆயினும் போலீஸ் காவலோடு வாகன வரிசைகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. படம் எடுக்கக் கூடாது, வண்டியை நிறுத்தக் கூடாது என்ற விதிகள் உண்டு. ஆனால் அந்த வரிசையில் இருப்பவர்களில் பலர் குகையைவிட மனிதர்களைப் பார்க்கும் ஆசையோடுதான் ஜன்னலோரம் அமர்ந்திருக்கிறார்கள். தங்கள் சொந்தக் காட்டில் நடமாடும் மனிதர்களை வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பது எந்த நாகரிகத்துக்கும் அடுக்காது. நாம் போகாமலிருந்தால் ஒரு வண்டியாவது குறையும். அத்தான் இதை உடனே ஒப்புக்கொண்டார்; பிள்ளைகளுக்கும் காரணத்தைச் சொன்னபோது புரிந்தது.

சில்லறை விஷயங்கள் சில. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போடப்பட்ட பிறகு இணைய வசதி பெரிதும் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் சிறு தீவுகளில் அதையே நம்பியிராமல், கையில் ரொக்கமும், சீட்டுகளின் அச்சுப் பிரதியும், ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டையும் வைத்திருப்பது நலம். கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் சங்கையும் எடுத்து வரலாகாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், விமான நிலையத்தில் சோதனையும் உண்டு. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் தண்ணீரில் இறங்கவே கூடாது. நகரத்தின் பெயர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியிருப்பதால், பதிவு செய்யும்போது இரண்டு பெயர்களிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்தமான் போக உத்தேசிக்கும் அன்பர்களுக்கு நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே. தீவுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் பிற்பகலைச் சிறைக்குக் கொடுங்கள். ஜாரவா வனத்துச் சாலையை விட்டுவிடுங்கள். விடுதிக்கு முன் கப்பலைப் பதிவு செய்யுங்கள். விமானத்துக்கு முந்தைய இரவை எக்காரணம் கொண்டும் தீவில் கழிக்காமல் துறைமுக நகரத்தில் கழியுங்கள்.